சுளையில்லாத பலா

வெடிப்பலா. பேரைக் கேட்டதும் சிவகாசி சரக்குன்னு நினைச்சுடாதீங்க. இது ஒரு மரம். மேற்குத் தொடர்ச்சி மலையோட தெற்குப் பகுதியில, வருஷம் முழுக்க பச்சையா இருக்கிற மழைக்காடுகள்ல மட்டும் வளர்ற மரம். அகத்தியமலை, ஆனைமலை, ஏலமலை, சைலன்ட் வேலி பக்கமெல்லாம் உண்டு. உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. ரொம்ப நாளா இதைப் பத்தி ஒரு பதிவு எழுதணும்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. தாவரவியல் பாடம்னு ஓடிடாதீங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க :-)

முதல்ல ஒரு விஷயம். பேர்ல பலா இருந்தாலும் நம்ம பலாமரத்துக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. காய் உருண்டையா, மேல முழுக்க முள்ளா இருக்கிறதால பலான்னுட்டாங்க. முத்தினதும் பிளந்து வெடிக்கிறதால வெடிப்பலா. நிஜமான பலா, ஆல், அரசு, அத்தி வகையறா. வெடிப்பலா செம்பருத்தி வகையறா. பருத்தி, வெண்டைக்காய், இலவம், சாக்லேட் தர்ற கோகோ எல்லாம் இந்தப் பெரிய குடும்பத்துலதான் வருது. அதுலயும் வெடிப்பலாவுக்கு ரொம்ப நெருங்கின பங்காளி யாருன்னா, துரியன்!

துரியனை சிங்கப்பூர், மலேசியா நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ரயில்ல ஏத்தக்கூடாதுன்னு போர்டு வைக்கிற அளவுக்கு வாசம். நம்ம ஊர்லயும் குற்றாலத்துல சீசன் நேரத்துல விக்கும், விலை கேட்டா தலை சுத்தும். அதுல நாம சாப்பிடறது என்ன? விதையைச் சுத்தி இருக்கிற சதை. தாவரவியல்ல இதை ஏரில்னு சொல்றாங்க. ஜாதிக்காய் மேல சிவப்பா வலை போட்ட மாதிரி ஜாதிபத்திரி இருக்குமே, அதுவும் ஏரில்தான்.

இப்ப வெடிப்பலாவோட அறிவியல் பேரைப் பாருங்க. குல்லேனியா எக்ஸாரில்லாட்டா. குல்லேனியாங்கறது வில்லியம் கல்லன்கிற வெள்ளைக்கார ஜெனரல் பேர். 1840-லேர்ந்து 1860 வரைக்கும் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள்ல பிரிட்டிஷ் ரெசிடென்டா இருந்தவர். அவர் நினைவா ராபர்ட் வைட்கிற தாவரவியலாளர் இந்தப் பேரை வச்சார். எக்ஸாரில்லாட்டான்னா "ஏரில் இல்லாதது"ன்னு அர்த்தம். ராபின்ஸ்னு ஒரு பெல்ஜியம்காரர் 1970-ல வச்ச பேர்.

ஆக, மரத்தோட பேரே "சுளை இல்லாதவன்". அண்ணன் துரியன் பழங்களின் ராஜான்னு பேர் வாங்கிட்டான். தம்பிக்கு முள்ளு இருக்கு, வெடிப்பு இருக்கு, உள்ள கொட்டையும் இருக்கு. தின்ன ஒண்ணுமில்ல.

இந்த மரத்தை எனக்கு முதன்முதல்ல காட்டினவர் எங்க மாமா, அம்மாவோட தம்பி. வால்பாறையில ஒரு தேயிலை எஸ்டேட்ல 36 வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆனதும் எஸ்டேட் வீட்டைக் காலி பண்ணணும், அதான் வழக்கம். சாமான் கட்டறதுக்கு ஒத்தாசையா நான் போயிருந்தேன். சாயங்காலம் ரெண்டு பேரும் ரோட்டோரமா நடந்தோம். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் வெட்டாம விட்ட ஒரு துண்டுக் காடு. அங்க நின்ன ஒரு ஓங்கி உயர்ந்த மரத்தைக் காட்டி, "இதான் மாப்ளே வெடிப்பலா"ன்னார்.

அண்ணாந்து பார்த்தேன். சாதாரணமா 30 மீட்டருக்கு மேல போகும், பத்து மாடி உயரம்னு வச்சுக்கங்க. அடிமரத்துல பலகை வச்ச மாதிரி முட்டு வேர்கள். இலை மேல் பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளியும் தாமிரமும் கலந்த மினுமினுப்பு. நுண்ணிய செதில்கள் அடிப்பக்கம் முழுக்க ஒட்டியிருக்கிறதால வர்ற நிறம் அது. காத்தடிச்சு இலை புரளும்போது மரமே ஒரு தரம் நிறம் மாறிப் பழையபடி ஆகும். தூரத்துலேர்ந்து அடையாளம் கண்டுபிடிக்க இதான் சுலபமான வழி.

"இதனால என்ன மாமா உபயோகம்?"னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. சும்மா நிக்கிற மரம். பழம் திங்க ஆகாது. வைரம் பாயாது, நெலை கதவுக்கும் ஆகாது. எங்க காலத்துல டீப்பெட்டி அடிக்க வெட்டுனாங்க, அவ்ளோதான்."

மாமா சொன்னதுல தப்பில்ல. மென்மரம்தான். பெட்டிப் பலகைக்கும் ப்ளைவுட்டுக்கும் போன மரம். யோசிச்சுப் பாருங்க, 1890-கள்லேர்ந்து ஆனைமலையில காட்டை அழிச்சு காப்பியும் தேயிலையும் போட்டாங்க. மிச்சம் நின்ன மரத்தையும் அந்தத் தேயிலையை அடைக்கிற பெட்டியாக்கிட்டோம்!

ஆனா "ஒண்ணுமில்ல"ங்கறது நம்ம கணக்கு. காட்டோட கணக்கு வேற.

இந்த மரம் பூக்கிறதே தனி அழகு. பூ கிளை நுனியில வராது. தடிச்ச கிளைகள்ல இலையே இல்லாத இடத்துல, முடிச்சு முடிச்சா இருக்கிற கணுக்கள்லேர்ந்து கொத்துக் கொத்தா கிளம்பும். பலா அடிமரத்துல காய்க்கிற மாதிரியேன்னு வச்சுக்கலாம். இன்னொரு வேடிக்கை, இந்தப் பூவுக்கு இதழே கிடையாது. சதைப்பத்தான குழாய் மாதிரி ஒரு உறை, அதுக்குள்ள மகரந்தம். கலர் காட்டி வண்டு, பட்டாம்பூச்சியைக் கூப்பிடற சமாசாரமே இல்ல. அப்புறம் யாரைக் கூப்பிடுது?

குரங்கை! சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில் எல்லாம் பகல் ஷிப்ட். பறக்கும் அணில், மரநாய், வௌவால் எல்லாம் ராத்திரி ஷிப்ட். சதைப்பத்தான அந்த உறையைத் தின்னவும், உள்ள இருக்கிற தேனைக் குடிக்கவும் வரிசையா வரும். பந்தி மாதிரிதான். திருநெல்வேலி மாவட்டத்துல களக்காடு முண்டந்துறை காப்பகத்துக்குள்ள கக்காச்சின்னு ஒரு இடம். அங்க டி.கணேஷ், எம்.சௌபத்ரா தேவின்னு ரெண்டு ஆய்வாளர்கள் மரத்து உச்சியில நடக்கறதையெல்லாம் வருஷக்கணக்கா கவனிச்சு, 2000-ல வெடிப்பலாவைப் பத்தி ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டாங்க. பூவைத் தின்ன வர்ற பாலூட்டிகளே மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுதுன்னு அதுல காட்டியிருக்காங்க. மூஞ்சியில மகரந்தத்தை அப்பிக்கிட்டு அடுத்த மரத்துக்குப் போகுது குரங்கு. கொஞ்சம் பூ சாப்பாட்டுக்குப் போனாலும் மீதிப் பூ காயாகுது. நல்ல பேரம்தான்.

இதுல முக்கியம், நேரம். பூ வர்றது பிப்ரவரி, மார்ச்சை ஒட்டின வறண்ட மாசங்கள்ல. மழைக்காட்டுல பழம் கம்மியா கிடைக்கிற நேரம் அது. அத்தி மாதிரி ஒண்ணு ரெண்டு மரங்கள் கை கொடுக்கும், மத்தபடி பஞ்சம். அந்த நேரம் பார்த்து வெடிப்பலா பந்தி விரிக்குது. பூ முடிஞ்சா காய். முள்ளைப் பத்திக் கவலைப்படாம சிங்கவால் குரங்கு அதைப் பிஞ்சுலேயே கடிச்சுப் பிளந்து கொட்டையைத் தின்னும். 1970-கள்ல ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கின்னு ரெண்டு பேர் அகத்தியமலைப் பக்கம் இந்தக் குரங்கைப் பின்தொடர்ந்து ஆராய்ச்சி பண்ணினாங்க. இந்தக் குரங்கோட சாப்பாட்டுல வெடிப்பலாவுக்கு எவ்வளவு பெரிய இடம்னு அப்பவே சொல்லிட்டாங்க.

சைலன்ட் வேலி போராட்டம் ஞாபகம் இருக்கா? அணை கட்டற திட்டத்தைக் கைவிட்டு, 1984-ல அதைத் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. அந்தப் போராட்டத்தோட முகமே சிங்கவால் குரங்குதான். போஸ்டர்ல குரங்கு வந்தது, அதுக்குச் சோறு போட்ட மரம் வரல. மரத்துக்கு என்ன பிடரியா வாலா, போட்டோ எடுக்க!

தாவரவியல்காரங்க மட்டும் மரியாதை குடுத்தாங்க. புதுச்சேரியில இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ழான்-பியர் பாஸ்கல் 1980-கள்ல மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை வகை பிரிச்சார். தெற்குப் பகுதியில நடுத்தர உயரத்துல இருக்கிற பசுமைமாறாக் காட்டுக்கு அவர் வச்ச பேரு "குல்லேனியா - மெசுவா - பலாக்வியம்" வகை. மெசுவான்னா நம்ம நாங்கு மரம். மூணு மரத்துல முதல் பேரே வெடிப்பலா. ஒண்ணுக்கும் ஆகாத மரத்தோட பேர்லதான் அந்தக் காடே அறியப்படுது.

சரி, இப்ப கஷ்டமான பகுதிக்கு வர்றேன்.

சுளை இல்லாததோட விலை என்னன்னா, விதையைத் தூக்கிட்டுப் போக ஆள் கிடையாது. சுளை இருந்தா இருவாச்சி மாதிரி பறவைங்க முழுங்கிட்டு மலை தாண்டிப் போய்ப் போடும். பல காட்டு மரங்கள் அப்படித்தான் பரவுது. வெடிப்பலா விதை பெருசு, கனம். வெடிச்சா நேரா கீழ விழும். எலியோ அணிலோ கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போனா உண்டு. மத்தபடி தாய் மரத்தைச் சுத்தியேதான். அந்த நிழல்லேயே முளைச்சு, மேல வெளிச்சம் கிடைக்கிற வரைக்கும் வருஷக்கணக்கா காத்திருக்கும்.

காடு காடா இருந்த வரைக்கும் இதுல பிரச்சனை இல்ல. மரம் நடந்தே போகும், ஒரு தலைமுறைக்கு நாலு எட்டு. ஆனா வால்பாறையில இப்ப காடு துண்டு துண்டா, தேயிலைக் கடலுக்கு நடுவுல தீவு மாதிரி நிக்குது. ஒரு தீவுல இருக்கிற வெடிப்பலா விதை அடுத்த தீவுக்குப் போகணும்னா எப்படிப் போகும்?

விதையை எடுத்துப் பத்திரமா வச்சுக்கலாமேன்னு தோணும். நெல்லு, கேழ்வரகுன்னா காயவச்சு வருஷக்கணக்கா வைக்கலாம். பல மழைக்காட்டு விதைகளைப் போல வெடிப்பலா விதையும் காய்ஞ்சா செத்துப் போகும். விழுந்த கொஞ்ச நாள்லேயே ஈரத்துல முளைச்சாகணும். விதை வங்கியில டெபாசிட் போட முடியாத மரம் இது. இதுக்கு வங்கி காடு மட்டும்தான்.

அன்னிக்கு நடந்தப்போ ரோட்டு ஓரத்துல நாலஞ்சு விதை கிடந்தது. பளபளன்னு, பழுப்பா. மாமா ஒண்ணைக் கையில எடுத்து உருட்டிக்கிட்டே இருந்தார். அப்புறம், "மாப்ளே, பொள்ளாச்சியில புது வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் எடம் கெடக்கு. இத வச்சா வருமா?"ன்னு கேட்டார்.

வராது. பொள்ளாச்சி வெயில் இதுக்கு ஆகாது. மேகமும் மழையும் வேணும், பக்கத்துல பெரிய மரங்களோட நிழல் வேணும். சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. 36 வருஷம் அந்த மலையில இருந்தவர், மலையிலேர்ந்து எடுத்துட்டுப் போக ஒரு கொட்டையைக் கூட முடியலைன்னா என்ன சொல்வார்? கொஞ்ச நேரம் கழிச்சு குனிஞ்சு, தார் ரோட்டுல கிடந்த மத்த விதைகளையும் பொறுக்கினார். எல்லாத்தையும் காட்டு ஓரமா, சருகு கிடக்கிற ஈர மண்ணுல போட்டு, மேல கொஞ்சம் சருகைத் தள்ளி மூடினார். "வண்டி ஏறி நசுங்கறதுக்கு இது தேவலை"ன்னார்.

அவர் விளையாட்டா பண்ணின இதையே வால்பாறையில சிலர் முழுநேர வேலையா பண்றாங்க. இயற்கை பாதுகாப்புக் கழகம்னு ஒரு அமைப்பு. திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் மாதிரியான ஆய்வாளர்கள் 2000-கள் தொடக்கத்துலேர்ந்து சிதைஞ்சு போன காட்டுத் துண்டுகளை மறுபடி காடாக்குற முயற்சியில இருக்காங்க. ரோட்டோரம் விழுற மழைக்காட்டு விதைகளைப் பொறுக்கி, நாற்றங்கால்ல வளர்த்து, எஸ்டேட் நிர்வாகங்களோட சம்மதத்தோட அந்தத் துண்டுகள்ல நடறாங்க. அந்த நாத்துகள்ல வெடிப்பலாவும் உண்டு. மரத்துக்குச் சுளை இல்ல, அதனால தூக்கிட்டுப் போக பறவை இல்ல. அந்த வேலையை இப்ப மனுஷங்க கூலி வாங்காம செய்யறாங்கன்னு நான் எடுத்துக்கிட்டேன். நட்டது பூத்துப் பந்தி போட எத்தனை வருஷம் ஆகுமோ, நட்டவங்களுக்கு அந்த அவசரம் இல்ல போல.

நீங்க பிப்ரவரி, மார்ச்சுல வால்பாறை போறதா இருந்தா, நாப்பது ஹேர்பின் வளைவும் ஏறி முடிச்சு, தேயிலையை போட்டோ எடுத்ததுக்கப்புறம், நடுவுல நிக்கிற அந்தக் காட்டுத் துண்டுகளையும் ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க. தாமிர நிறம் தெரிஞ்சா அதான் ஆள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு ரோட்டுக்கே வரும். தயவுசெஞ்சு பிஸ்கட், சிப்ஸ் எதுவும் போடாதீங்க. வண்டியில அடிபட்டுச் சாகறதே அந்தப் பழக்கத்தாலதான். அதுக்கு வேண்டிய சாப்பாடு மேல கிளையில பூத்திருக்கு.