‘விருந்தாளிகள்’ விட்டுக்கொடுக்காத ஊர்!

எழுத்துள்ள காகிதத்தைக் காலால் மிதிக்கக் கூடாது. குப்பையோடு கொட்டவும் கூடாது. மரியாதையாகச் சேர்த்துவைத்து, அதற்கென்றே கட்டிய சின்னக் கோபுரத்தில் எரித்து, சாம்பலை ஆற்றில் கரைக்க வேண்டும்! எழுத்துக்கு இப்படி இறுதி மரியாதை செய்த ஊர் ஒன்று தைவானின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. அதன் பெயர் மெய்னோங்.

1779-ல் செங்கல்லால் கட்டப்பட்ட அந்த அறுகோணக் கோபுரம் இன்றும் ஊருக்குள் நிற்கிறது. மூன்று பக்கம் மலை, நடுவே பச்சை வயல், சுமார் 40 ஆயிரம் மக்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஹக்கா இனத்தவர்.

ஹக்கா என்றால்..?

‘விருந்தாளிக் குடும்பங்கள்’ என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். வட சீனாவில் வாழ்ந்த இவர்களின் முன்னோர், போரும் பஞ்சமும் விரட்ட, பல நூற்றாண்டுகளாகத் தெற்கு நோக்கி நகர்ந்தார்கள். போன இடமெல்லாம் நல்ல நிலம் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தது. மிஞ்சிய மலையடிவாரத்தில்தான் இவர்கள் குடியேற முடிந்தது. வந்தேறிகள் என்ற அர்த்தத்தில் மற்றவர்கள் வைத்த பெயரே இனத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

கடல் தாண்டித் தைவானுக்கு வந்த ஹக்கா மக்களில் ஒரு கூட்டம், லின் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரு சகோதரர்களின் தலைமையில், 1736-ல் மெய்னோங்கில் கால் பதித்தது. வந்ததும் நிலத்தைக் காக்கும் தெய்வத்துக்கு ஒரு மேடை அமைத்தார்கள். அந்தத் தெய்வத்தை இவர்கள் அழைப்பது, ‘பெரிய தாத்தா’ என்ற உறவுமுறைப் பெயரில்! ஆற்றங்கரை, மரத்தடி, வயல் மூலை என்று ஊர் முழுக்க நூற்றுக்கணக்கான ‘பெரிய தாத்தா’ மேடைகள் இருக்கின்றன. பழைய மேடைகளில் சிலை கிடையாது, ஒரு கல்தான் சாமி.

எதிரிகளிடமிருந்து ஊரைக் காக்க 1755-ல் கிழக்கு வாசல் கோபுரம் எழுப்பினார்கள். 1895-ல் தைவானைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை அதை இடித்தது. 1937-ல் ஊரார் மறுபடி கட்டினார்கள்.

குடைக்குள் ஐந்து பேர்

மெய்னோங் என்றதும் தைவான்காரர்களுக்கு நினைவுக்கு வருவது எண்ணெய்க் காகிதக் குடை. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் சீனாவின் குவாங்டோங் மாகாணத்திலிருந்து இந்தத் தொழில் இங்கே வந்தது. மூங்கிலைப் பிளந்து, துளையிட்டு, நூலால் கோத்து, காகிதம் ஒட்டி, பூவும் பறவையும் வரைந்து, மழைநீர் இறங்காமலிருக்க எண்ணெய் பூசுவார்கள்.

ஹக்கா மொழியில் ‘காகிதம்’ என்ற சொல்லும் ‘பிள்ளை’ என்ற சொல்லும் ஒலியில் நெருங்கியவை. குடையைக் குறிக்கும் சீன எழுத்துக்குள் ‘மனிதர்’ என்ற எழுத்து ஐந்து முறை வருகிறது. அதனால், கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குக் குடை கொடுத்தனுப்பினால் வீடு நிறையப் பிள்ளைகள் பிறக்கும் என்பது நம்பிக்கை. மலிவான நைலான் குடைகள் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. இன்று அதைத் தாங்கிப் பிடிப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள்தான்.

காதலுக்குத் தடை போட்ட குடும்பப் பெயர்

இந்த மண்ணின் எழுத்தாளர் ஜோங் லிஹெ. தந்தையின் தோட்டத்தில் வேலை செய்த பெண்ணைக் காதலித்தார். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். இங்கே ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்கத் தயங்குவதைப் போல, அங்கே அது பெரும் குற்றம். 1940-ல் இருவரும் சீனாவுக்குப் போய் வாழ்ந்தார்கள். போர் முடிந்து 1946-ல் திரும்பியபோது காசநோய் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் படுக்கையில் எழுத, மனைவி உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1960-ல், ஒரு கதையைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே இரத்த வாந்தி எடுத்து இறந்தார். வாழ்ந்தபோது வாசகர்களிடம் அதிகம் போய்ச் சேராத அவருக்கு, இன்று மலையடிவாரத்தில் நினைவு இல்லம் இருக்கிறது.

ஊருக்கு மேல் ஓர் அணை

1990-களில் மெய்னோங்குக்குப் பெரிய சோதனை வந்தது. தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்கும் தண்ணீர் வேண்டும் என்று, ஊருக்கு மேலே உள்ள பள்ளத்தாக்கில் சுமார் 150 மீட்டர் உயர அணை கட்ட அரசு திட்டமிட்டது. அருகிலிருந்த வீடுகளுக்கும் அணைக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர்தான் தூரம். நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாட்டில் இது தலைக்கு மேல் தொங்கும் கத்தி அல்லவா? ஆண்டுதோறும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறக்கும் காடும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது.

படித்து நகரத்துக்குப் போன இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். வயதான விவசாயிகள் அவர்களோடு சேர்ந்து 1993-ல் தலைநகர் தைபேயில் நாடாளுமன்றத்தின் முன் நின்றார்கள். 1995 முதல் வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே ஒரு விழா எடுத்தார்கள். புகையிலை அறுவடை நேரத்தில் ‘இன்று உன் வயலுக்கு நான், நாளை என் வயலுக்கு நீ’ என்று கூலியில்லாமல் மாற்றிமாற்றி உழைப்பது இந்த ஊரின் வழக்கம். அந்த வழக்கத்தின் பெயரையே வைத்துக்கொண்ட ஓர் இசைக்குழு, புகையிலை உலர்த்தும் பழைய கொட்டகையில் போராட்டப் பாடல்களைப் பதிவு செய்து, 1999-ல் ஆல்பமாக வெளியிட்டது.

2000-ல் அதிபரான சென் ஷுய்-பியான், தன் ஆட்சியில் அணை கட்டப்படாது என்று அறிவித்தார். அணை இன்றுவரை வரவில்லை. வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன.

இனி காக்க வேண்டியது மொழி

அணையைத் தடுத்தவர்களுக்கு அடுத்த கவலை, மொழி. பள்ளிகளில் மாண்டரின் மட்டுமே என்றிருந்த காலத்தில் ஒரு தலைமுறை ஹக்கா பேசுவதைக் குறைத்துக்கொண்டது. 1988-ல் ஆயிரக்கணக்கானோர் ‘எங்கள் தாய்மொழியைத் திருப்பிக் கொடு’ என்று தைபேயில் ஊர்வலம் போனார்கள். 2003-ல் ஹக்கா தொலைக்காட்சி தொடங்கியது. 2018-ல் சட்டப்படி தேசிய மொழிகளில் ஒன்றானது. சட்டம் வந்துவிட்டது. வீட்டில் பேரன் பேத்திகள் பேசினால்தான் மொழி பிழைக்கும் என்பது தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும்.

போவது எப்படி?

தைபேயிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரத்தில் கௌஷியுங் நகரின் ஸுவோயிங் நிலையம். அங்கிருந்து மெய்னோங்குக்குப் பேருந்து உண்டு. ஊருக்குள் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். சமதரை என்பதால் பெரியவர்களும் ஓட்டலாம். அரிசிமாவை ஆவியில் வேகவைத்துச் செய்யும் பட்டை நூடுல்ஸை, வறுத்த சின்ன வெங்காயம் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள். குளத்தில் மார்பளவு நீரில் நின்று பறிக்கும் நீண்ட தண்டுக் கீரை வதக்கலும் தவறவிடக் கூடாதது. அசைவம் சாப்பிடாதவர்கள் கவனம்: பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் சமைப்பார்கள், முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

விருந்தாளிகள் என்று பெயர் வாங்கியவர்கள், சுமார் 290 ஆண்டுகளாக ‘இது எங்கள் வீடு’ என்று காத்து நிற்கும் ஊர் மெய்னோங். இப்போது அங்கே போகிறவர்கள்தான் விருந்தாளிகள்!