கடைசி மேசை

அதிராம்பட்டினத்தில் உப்பளங்களை வாழவைக்கும் கடலே கணிப்பொறிகளுக்குப் பகை. உப்புக்காற்றின் ஈரத்தில் நினைவகப் பலகையின் முனைகளில் மெல்லிய படலம் படிந்து, எந்திரம் ஒரு நாள் விழித்தெழ மறுத்துவிடும். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் அம்முனைகளை மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இவ்வைத்தியத்தை எனக்குக் காட்டியவர், அவ்வூரை அடுத்து நான் தாளாளராக இருந்த பள்ளியின் கணிப்பொறி உதவியாளர்.

பள்ளி எந்திரங்களைக் காப்பதே அவர் பணி. ஆனால் கணிப்பொறிக் கூடத்தின் கடைசி மேசையில் எப்போதும் வேற்று எந்திரங்கள் காத்துக் கிடக்கும். ஆசிரியர்கள் வீட்டிலிருந்து சுமந்து வந்தவை. 2011-இல் அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள். எழுத்தரின் மைத்துனருடையது கூட ஒன்று. "சும்மா ஒரு பார்வை பாருங்க தம்பி" என்பார்கள். அந்த ஒரு பார்வை இரவு ஏழு மணிவரை நீளும். கட்டிலின் காலைச் செப்பனிட்ட தச்சருக்குக் கூலி தரத் தயங்காத நாம், கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கூலி உண்டென்று எண்ணுவதே இல்லை.

நானும் அதற்கு விலக்கல்லன். பாமினி எழுத்துருவில் பல ஆண்டுகளாகத் தட்டி வைத்த என் மறையுரைகள் புதிய கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றின. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலையையும் அவர் தலையிலேயே சுமத்தினேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. கூரை இழந்த வீடுகளிலிருந்து நனைந்த கணிப்பொறிகள் பள்ளிக்கு வந்தன. "மின்சாரம் வந்தாலும் இணைத்துவிடாதீர்கள்" என்று அனைவரையும் எச்சரித்தார். கழற்றி உலர்த்தி, வன்தட்டை வேறு எந்திரத்தில் பொருத்தி, கிடைத்த கோப்புகளை மீட்டுத் தந்தார். ஆசிரியை ஒருவரின் வன்தட்டு மட்டும் 'டக் டக்' என்று ஒலித்தது. அது பிழைப்பது அரிது என்று முன்னரே சொல்லியும் இருக்கிறார். இதை நான் அறிந்தது பின்னர்தான். மகளின் திருமணப் படங்கள் அனைத்தும் அதில் இருந்தனவாம். ஒன்றுகூட மீளவில்லை. அவர் கை பட்டதால்தான் போயிற்று என்று என்னிடம் முறையீடு வந்தது.

அழைத்தேன். "தெரியாத வேலையில் ஏன் கை வைக்கிறீர்?" என்று கேட்டேன். "சரிங்க சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார். 13-ஆம் சிங்கராயரின் 1891-ஆம் ஆண்டுத் திருமடலைக் குருமடத்தில் பயின்று, நியாயமான கூலி பற்றித் தேர்வுத் தாளில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். கூலியே தராத வேலைக்கு அன்று வசையைக் கொடுத்தேன்.

அன்று மாலை ஆசிரியையே வந்து, அவர் எச்சரித்தது உண்மைதான் என்றார். கூடத்துக்கு ஓடினேன். கடைசி மேசை வெறுமையாக இருந்தது. எல்லாவற்றையும் உரியவர்களிடம் திருப்பிவிட்டார். என் கணிப்பொறி மட்டும் எஞ்சியிருந்தது. திரையில் என் பழைய உயிர்ப்புப் பெருவிழா மறையுரை ஒன்று நல்ல தமிழில் ஒளிர்ந்தது.

மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். கூலி எவ்வளவு என்றதற்கு, "சாமிகிட்டயா?" என்று சிரித்தார். நானாகவே ஒரு தொகையை உறையிலிட்டு மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து, அதில் பாதியை எடுத்து நீட்டினார்.

"இன்னும் பாதி வேலை பாக்கி இருக்குங்க சாமி."