சி ஷிஃப்ட்டில் துரியோதனன்

ஞாயிறு

ரூமுக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. ராத்திரி முழுக்கக் கூத்து, விடிந்ததும் துரியோதனன் படுகளம். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் காதுமடலுக்குப் பின்னால் அரிதாரச் சிவப்பு போகவில்லை. புஜக்கட்டை கட்டிய கயிறு கையில் தடமாய் நிற்கிறது. தளர்த்திக் கட்டினால் சுற்றி ஆடும்போது கழன்றுவிடும். இறுக்கினால் விடிவதற்குள் விரல் மரத்துப்போகும். வாத்தியார் கயிற்றுக்கு அடியில் பழைய வேட்டித் துணியை மடித்து வைப்பார். எத்தனை மடிப்பு என்பது ஆளின் கையைப் பார்த்து அவர் முடிவு செய்வது.

திங்கள்

கம்பெனியில் இந்த வாரம் சி ஷிஃப்ட். ராத்திரி பத்துக்கு பஞ்ச், காலை ஆறுக்குத்தான் லைனை விட்டு நகரலாம். கூத்துக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

கூத்தாடும் நம் ஆட்கள் எப்போதும் வேறு தொழிலும் பார்த்தவர்கள். நாற்று நட்டார்கள், தறி நெய்தார்கள், பங்குனி பிறந்தால் வேஷம் கட்டினார்கள். வயலும் தறியும் பகலைத்தான் கேட்டன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது; பின்னாலேயே சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் என்று கம்பெனிகள் வரிசை கட்டின. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று கூத்து ஜமா தராததெல்லாம் இங்கே கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ராத்திரியையும் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

"லீவு எதுக்குப்பா?" என்றார் சூப்பர்வைசர். "கோயில் விசேஷம் சார்" என்றேன். கூத்து என்றால் சிரிப்பார்.

புதன்

ஈஞ்சம்பாக்கத்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்த ஓவியர்கள் பாத்திக் துணி விற்றே நிலம் வாங்கிக் குடியேறினார்கள். வயிற்றுக்கான வேலையும் அவர்கள் கையில், நேரமும் அவர்கள் கையில்.

நம் பக்கத்தில் பெருங்கட்டூர் ராஜகோபால், பத்து வயதில் பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர், காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்தினார். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே கூரையில். பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். கூத்தாடி பிள்ளை படிப்பை இழக்கக்கூடாது என்ற அந்தக் கணக்கு சரியானது. படித்த பிள்ளையைக் கம்பெனி பஸ் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறதே, அதற்கு எந்தக் குருகுலம் என்ன செய்யும்?

சனி

கூத்துக்குக் கேட்டிருந்த விழாக் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். "தம்பி, பன்னெண்டு மணிக்கே முடிச்சிடுங்க. காலைல எல்லாருக்கும் டூட்டி." பார்க்கிறவனுக்கும் ஷிஃப்ட்.

வாத்தியார் வெற்றிலையை மென்றபடியே கேட்டார்: "எதை வெட்டச் சொல்றீங்க? கட்டியங்காரனையா, பாஞ்சாலியையா?"

எனக்கும் உடன்பாடில்லை. ரெண்டு மணிக்கு மேல்தான் குரல் திறக்கும். துரியோதனனின் பயம் நாலு மணிக்குத்தான் உடம்புக்குள் வரும். அதைப் பன்னிரண்டுக்கு நடித்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

கருமாதிக் கூத்துக்கு யாரும் இப்படி நேரம் பேசுவதில்லை. அடுத்த வாரம் ஒரு கர்ண மோட்சம் இருக்கிறது, கர்ணன் நான்தான். பி ஷிஃப்ட் முடித்து வண்டியை எடுத்தால், திரை பிடிப்பதற்குள் முகம் எழுதிவிடலாம். ஓ.டி. போடச் சொல்லாமல் இருக்க வேண்டும்.