மண்டபம் முகாம் வாசலில் அப்பப்பாவைத் தேடி

நான் நோர்வேயில் ஒரு மீன் ஆலையில் வேலை செய்பவன். போருக்குள் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுதிப் பழக்கமில்லை. என்றாலும் 2025 கோடை விடுமுறையில் இந்தியா போய்வந்த கதையை எங்கள் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகள். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். என் அப்பாவின் பெயருக்கு மேலே ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தது. "அப்பா, உங்கட அப்பப்பா எந்த ஊரில பிறந்தவர்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிரவு என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்தேன். அகதி விண்ணப்பத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த அதே கடதாசி. உங்களில் பலரிடமும் இருக்கும். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று அதில் ஒரு கூடு உண்டு. என்னுடையதில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும். அந்தக் கேள்வி 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்ட கேள்வி. ஒருவர் இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவரானது அதனால்தான்.

அப்பப்பா 1950களில் கிளிநொச்சிக்கு வயல் வேலைக்கு வந்து, அங்கேயே கலியாணம் செய்தவர். 1995இல், எனக்கு எட்டு வயதில், இறந்துபோனார். ஊர் எதுவென்று கேட்டால் ஒருநாள் துறையூர் என்பார், இன்னொருநாள் மாத்தளை என்பார். ஆட்களை வேலைக்குப் பிரிப்பதைப் "பிரட்டு" என்பார். அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "உதையெல்லாம் ஏன் இப்ப கிண்டுறாய்?" என்று வைத்துவிட்டார்.

மிஞ்சியிருந்தவர் அப்பாவின் அக்கா. மாமி 1990இல் வள்ளமேறி ராமேஸ்வரம் போனவர். இன்றும் மண்டபம் முகாமில்தான் இருக்கிறார்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் போனேன். ராமநாதபுரம் தாண்ட, பனையும் மணலும் உப்புக்காற்றும் மன்னாரை நினைவூட்டின. முகாமுக்குள் வெளியாட்கள் நினைத்தபடி போக முடியாது. ஆகவே வெளியே ஒரு தேநீர்க் கடையில் மாமியைச் சந்தித்தேன். முப்பத்தைந்து வருடம் அங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை.

"உன்ர அப்பப்பா மாத்தளைப் பக்கம் ஒரு றப்பர்த் தோட்டத்தில பிறந்தவர். அவரின்ர தகப்பன்தான் துறையூர்ப் பக்கத்து ஆள். கலியாணம் கட்டாத பெடியனாய், இந்த முகாமுக்குள்ளாலதான் இலங்கைக்குப் போனவராம்" என்று வாசலைக் காட்டினார்.

வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை அரசே மண்டபத்தில் முகாம் நடத்தியது. தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்குத் தொற்றுநோய் இருக்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்த்து அனுப்புவார்கள். பிறகு தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். பூட்டன் போன வாசலாலேயே மாமி அகதியாக உள்ளே வந்திருக்கிறார்.

"அப்ப ஏன் மறைச்சவர் மாமி?"

"என்ர கலியாணப் பேச்சு இரண்டு தரம் குழம்பினது, தோட்டக்காட்டான்ர பிள்ளை எண்டு. பிறகு அவர் வாயே திறக்கேல்லை. கப்பலேத்திப் போடுவாங்கள் எண்ட பயமும் இருந்தது."

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்குப் பெடியனை நானும் அதே சொல்லால் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறேன்.

அப்பப்பாவின் பயம் வீண் பயமல்ல. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 975,000 பேரின் கணக்குப் பேசப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அப்பப்பா அதற்கு எட்டு வருடம் முந்தியே போய்விட்டார்.

அடுத்தநாள் பாம்பன் தாண்டித் தனுஷ்கோடி போனேன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் அப்போது ஓய்ந்து நின்றது. பக்கத்தில் 2025இல் திறந்த புதிய பாலத்தில் ரயில் ஓடுகிறது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்துவிட்டது. இடிந்த தேவாலயச் சுவர் போன்ற சில இடிபாடுகள்தான் மிச்சம். ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதத்துக்குள், அந்தச் சனம் கப்பலேறிய துறையே இல்லாமல் போனது. அரிச்சல்முனையில் நின்று பார்த்தேன். தலைமன்னார் சுமார் 30 கிலோமீற்றர். கண்ணுக்குத் தெரியவில்லை.

துறையூர்ப் பக்கத்தில் எந்தக் கிராமம் என்று மாமிக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வாசகர்களே, உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்றால், அந்த வெட்கத்தை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

திரும்பி வந்து அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கனநேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு, "பிள்ளையிட்டச் சொல்லு, மாத்தளை எண்டே எழுதட்டும்" என்றார்.