டெல்லியைப் பார்த்துக்கொண்டிருத்தல்

எங்கட வீடுகளில் அரசியல் கதை தொடங்கினால் அது கடைசியாக டெல்லியில்தான் போய் நிக்கும். "இந்தியா எங்களைக் கைவிடாது" எண்டு ஒருவர் சொல்லுவார். "எல்லாத்தையும் கெடுத்ததே இந்தியாதான்" எண்டு மற்றவர் சொல்லுவார். இரண்டு பேரும் கதைப்பது 1987ஐப் பற்றித்தான். யூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் போட்டன. யூலை 29இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒக்ரோபரில் அதே நாட்டின் படை எங்கட ஊர்களுக்குள் சண்டை பிடித்தது. எல்லாம் ஐந்து மாதத்துக்குள்.

அதுக்குப் பிறகு பிறந்த எங்களுக்கு இந்த இரண்டு கதையும் முதுசமாக வந்து சேர்ந்தன. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: இந்தியா எங்களை நினைத்துத்தான் முடிவெடுக்குது. நேபாளத்தைப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசிகளுக்கு எல்லைக்கு அங்கால் இருக்கிற பீகாரோடு மொழியும் கலியாண உறவும் உண்டு. 2015 செப்ரெம்பரில் வந்த புதிய அரசியலமைப்பு தங்களை ஒதுக்குது எண்டு அவர்கள் எல்லையில் மறியல் இருந்தார்கள். இந்தியாவும் அதிருப்தி காட்டியது. லொறிகள் எல்லையிலேயே நிண்டன. ஏப்ரல் நிலநடுக்கத்தில் இடிந்த நாட்டில் பெற்றோல் இல்லை, சமையல் காஸ் இல்லை, மருந்தும் தட்டுப்பாடு. தாங்கள் மறிக்கவில்லை என்றது டெல்லி. காத்மண்டு அதை நம்பவில்லை. 2016 பெப்ரவரியில் பாதை திறந்தது. அடுத்த மாதமே நேபாளம் சீனாவோடு போக்குவரத்து உடன்படிக்கை செய்தது. மாதேசிகள் கேட்ட மாகாண எல்லை மாற்றம் மட்டும் நடக்கவேயில்லை.

இது எங்களுக்குத் தெரிஞ்ச கதைதானே? 2022இல் நாடு வங்குரோத்தானபோது இந்தியாவிலிருந்து கிட்டத்தட்ட 4 பில்லியன் டொலர் உதவி வந்தது. எரிபொருள் வரிசையில் நிண்ட ஆருக்கும் அதன் பெறுமதி தெரியும். ஆனால் அது கொழும்போடு செய்த ஏற்பாடு. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து போன முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கதவைத் திறந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது வருசத்துக்கு மேலாக இருக்கிற எங்கட சனத்துக்கு அதில் இடமில்லை. இதைத் துரோகம் எண்டு சொல்லத் தேவையில்லை. அரசுகள் கணக்குப் பார்த்துத்தான் நடக்கும். எங்களிடம் ஒரு கணக்கு இருக்கா என்பதுதான் கேள்வி.

வடக்கின் கடற்றொழிலாளரிடம் அது இருக்கு. இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017இலிருந்து சட்டப்படி தடை. இருந்தும் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வருகின்றன, இவர்களின் வலைகள் அறுபடுகின்றன. அவர்கள் தொப்புள்கொடி உறவைப் பற்றிப் பேசிப் பேச்சைத் தொடங்குவதில்லை. இழுவைமடியை நிப்பாட்டுங்கோ எண்டுதான் தொடங்குகிறார்கள். உறவு வேறு, கேட்பது வேறு எண்டு அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

அந்தத் தெளிவு எங்கட அரசியலுக்கும் வேணும். 13ஆம் திருத்தத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லி எங்கட கட்சிகள் டெல்லிக்குக் கடிதம் எழுதுகின்றன. வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். தேர்தலை வைக்கவேண்டியது கொழும்பு. வடக்கில் மட்டுமில்லை, ஒன்பது மாகாணங்களிலும் தெரிவுசெய்யப்பட்ட சபைகள் இல்லாமல் வருசக்கணக்காகிவிட்டது. இதைக் காலியிலும் குருநாகலிலும் இருக்கிற எங்கட வயதுக்காரரோடு நாங்கள் இன்னும் கதைக்கத் தொடங்கவில்லை. டெல்லிக்குப் போகிற அடுத்த கடிதத்துக்கு முதல் அதைத் தொடங்குவம்.