எட்டு நாட் பந்தயமும் ஈராண்டு ஆயத்தமும்

நமது கல்லூரி விழா மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் என்னைக் கேட்டனர். இலக்கணமும் இலக்கியமும் படிப்பிக்கும் ஒருவனிடம் விளையாட்டைப் பற்றிக் கேட்பானேன் என்று அன்பர்கள் வியத்தல் கூடும். துடுப்பாட்டத்தையும் உதைபந்தாட்டத்தையும் பற்றி எழுத என்னினும் தகுதியுடையார் பலர் உளர். ஆதலால், நம்மவருள் மிகச் சிலரே ஈடுபட்டுள்ள ஒரு விளையாட்டைப் பற்றி, அதில் இறங்கிய என் வகுப்புத் தோழர் ஒருவர் வாயிலாக அறிந்தவற்றை எழுதத் துணிந்தேன். அவர் இப்போது இலண்டனில் வாழ்கிறார். தம் பெயரைக் குறிப்பிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். எனவே நண்பர் என்றே குறிப்பிடுவேன்.

அவ்விளையாட்டு மலைவழித் துவிச்சக்கர வண்டிப் பந்தயம். அதிலும், பல நாள் தொடர்ந்து நடைபெறும் கட்டப் பந்தயம். தார் போட்ட வீதி இதற்கு உரியதன்று. கல்லும் மணலும் மரவேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளிலே ஓட வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களுக்கும் எடுத்த நேரத்தைக் கூட்டினால் வரும் மொத்தமே வெற்றி தோல்வியை முடிவு செய்யும். ஐரோப்பாவிலே அல்ப்ஸ் மலைகளைக் கடந்து செல்லும் பந்தயம் 1998ஆம் ஆண்டு தொடங்கியது. நேபாளத்திலே 5416 மீற்றர் உயரமுள்ள தொரோங் கணவாயைக் கடக்கும் பந்தயமும் நடைபெற்றதுண்டு. இவற்றுள் மிகப் பெயர் பெற்றது, தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் 2004ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட கேப் எப்பிக் என்னும் பந்தயமாகும். எங்கள் நண்பர் ஓடியதும் அதிலேதான்.

அது எட்டு நாட் பந்தயம். முதல் நாள் ஒரு குறுகிய முன்னோட்டம். பின்னர் ஏழு கட்டங்கள். பாதை ஆண்டுதோறும் மாறும். எனினும் மொத்தத் தூரம் பெரும்பாலும் 600 முதல் 700 கிலோமீற்றர் வரை இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய், திரும்பும் வழியிலே பாதியையும் கடந்த தூரம் என்று கொள்ளலாம். ஏற வேண்டிய ஏற்றங்களைக் கூட்டினால் ஏறக்குறைய 15,000 மீற்றர் வரும். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுறுதாலகாலையைக் கடல் மட்டத்திலிருந்து ஆறு முறை ஏறுவதற்கு அது சமம். மேடென்பதையே காணாத குடாநாட்டிற் பிறந்தவர் ஒருவர் இதற்குத் துணிந்தமை எனக்கு வியப்பளித்தது.

அவ்வாறு வியந்து நான் கேட்டபோது நண்பர் சொன்ன மறுமொழி நம் தலைமுறையினர் அனைவரும் விளங்கிக்கொள்ளத் தக்கது. 1990களிலே, பொருளாதாரத் தடையின் காரணமாகப் பெற்றோல் கிடையாத காலத்தில், யாழ்ப்பாணத்தின் போக்குவரத்து முழுவதும் துவிச்சக்கர வண்டியின் மேலேயே நடந்தது. நோயாளியும் நெல்மூட்டையும் மணப்பெண்ணும் அதிலேதான் சென்றனர். மின்கலம் கிடையாமையால் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, உயர்தர வகுப்பு மாணவராக இருந்த நாங்கள் இருவரும் எங்கள் வீட்டுப் பொருள்களை வண்டிகளிற் கட்டி உருட்டிக்கொண்டே தென்மராட்சிக்குச் சென்றோம். “அண்டைக்கு ஓடேல்லை மச்சான், உருட்டினது. உருட்டிப் பழகினவனுக்கு மலை பெரிசில்லை” என்றார் அவர்.

வேடிக்கையாகச் சொன்னாரேனும், ஆயத்தத்தை அவர் வேடிக்கையாகக் கொள்ளவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதப் பந்தயத்திற்கு அவர் 2018ஆம் ஆண்டு செப்ரெம்பரிலேயே பயிற்சியைத் தொடங்கினார். ஒரு நாட் பந்தயத்திற்கும் பல நாட் பந்தயத்திற்கும் உள்ள வேற்றுமை இரண்டாம் நாட் காலையிலே தெரியும் என்பர். முதல் நாள் வலிமை முழுவதையும் செலவிட்டவன் மறுநாள் எழுந்திருக்கமாட்டான். ஆகவே, வேகமாக ஓடுவதிலும் பார்க்க, களைத்த காலோடு மீண்டும் ஓடுவதையே உடலுக்குப் பழக்க வேண்டும். வாரத்துக்கு எட்டு மணி நேரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் வரை பயிற்சி வளர்ந்தது. மூன்று வாரம் சுமையைக் கூட்டினால் நான்காம் வாரம் குறைத்துவிட வேண்டும். ஓய்வின்போதே தசை வலுப்பெறும். ஓய்வில்லாப் பயிற்சி நோயில் முடியும். சனி, ஞாயிறு இரு நாளும் அடுத்தடுத்து நான்கு, ஐந்து மணி நேரம் குன்றுகளில் ஓடினார். குளிர்காலத்தின் இருண்ட காலைகளிலே, பின் சில்லை ஒரு நிலைப்பொறியிற் பூட்டி, வீட்டுக் கராஜினுள் இருந்தபடியே மிதித்தார். பந்தயத்துக்கு முந்திய இரண்டு வாரம் பயிற்சியை வெகுவாகக் குறைத்தார்.

உண்பதற்கும் பயிற்சி உண்டு என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். உடலிற் சேமித்துள்ள மாச்சத்து சில மணி நேர ஓட்டத்தோடு தீர்ந்துவிடும். அதனால் ஓடும்போதே மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவும் சீனியுமான உணவை உட்கொள்ள வேண்டும். பழக்கமில்லாத வயிறு அதனை ஏற்காது. ஆகவே மாதக்கணக்கிற் சிறிது சிறிதாக வயிற்றைப் பழக்க வேண்டும். பாதை பண்ணை நிலங்களூடே செல்வதால், சாணமும் புழுதியும் தண்ணீர்ப் போத்தலின் வாயிற் படிந்து வயிற்றோட்டத்தைத் தரும். போத்தலை நாள்தோறும் கழுவ மறந்தவன், எவ்வளவு பலசாலியாயினும், பந்தயத்தை விட்டுப் போக நேரும். இருக்கையில் உராய்ந்து வரும் புண்ணும் அவ்வாறே. அதற்கென உள்ள களிம்பை நாணமின்றிப் பூசிக்கொள்ள வேண்டும் என்றார்.

இனி வண்டியைப் பற்றிச் சிறிது கூறுவேன். நாம் அறிந்த வண்டிக்கும் இதற்கும் உறவு பெயரளவினதே. சட்டகம் கரிநாரினாற் செய்யப்பட்டது. முன்னும் பின்னும் அதிர்வு தாங்கிகள். பிறேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. ரயரினுள் ரியூப் இல்லை. அதற்குப் பதிலாக இறப்பர்ப்பால் கலந்த ஒரு திரவம் விடப்படுகிறது. முள் தைத்தால் அப்பால் ஓட்டையிற் பாய்ந்து உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். காற்றும் சதுர அங்குலத்துக்கு 20 முதல் 25 இறாத்தல் அளவே. ரயர் இளகி இருந்தாற்றான் கல்லைப் பற்றும். இத்தகைய வண்டி பழகப் பழகத்தான் கைக்கு அடங்கும். “பந்தயத்திலே புதிதாக எதனையும் அணியாதே, புதிதாக எதனையும் தின்னாதே” என்பது அவர்களிடையே வழங்கும் விதி. சங்கிலியையும் பிறேக் கட்டைகளையும் புதிதாக மாற்றினால்கூடச் சில நாள் ஓடிப் பார்த்த பின்னரே பயணம் செல்வர்.

செலவுக்கு வருவோம். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசலாகாது என்பது பழமொழி. ஆனால் இங்கே அங்குசங்களின் விலை ஆனையின் விலையை மிஞ்சிவிடுகிறது. நண்பர் 2023ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தபோது தம் கணக்குப் புத்தகத்தை எனக்குக் காட்டினார். ஒருவர் மூன்றாண்டு ஓடிய வண்டியை 2,700 பவுணுக்கு வாங்கியிருந்தார். புதிதாயின் அதன் இரு மடங்காகும். தம் பங்கு நுழைவுக் கட்டணம் 2,000 பவுணுக்கு மேல். விமானச் சீட்டும் வண்டிப் பெட்டிக்கான கூலியும் ஒரு பக்கம். தலைக்கவசம், சப்பாத்து, உடைகள் ஒரு பக்கம். மாற்று உறுப்புகள், காப்புறுதி, நாள்தோறும் வண்டியைக் கழுவித் திருத்துபவருக்கான கூலி என்பன மற்றொரு பக்கம். யாவும் சேர்ந்து ஏறக்குறைய 9,000 பவுண். நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்த்து இறங்குவோர், பாதி வழியிலே கடன்பட நேரும் என்பதற்கு அக்கணக்கே சான்று.

ஆயினும் அப்புத்தகத்தில் எழுதப்படாத செலவொன்று உண்டு. இலண்டனிலே சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது நண்பரின் பொறுப்பாக இருந்தது. பயிற்சி தொடங்கியபின் அது அவர் மனைவியார் மேல் விழுந்தது. அவரோ வைத்தியசாலையிலே இரவுக் கடமை செய்யும் தாதி. இரவு முழுதும் விழித்துவிட்டு, காலையிற் பிள்ளைகளை ஏற்றிச் சென்று, வகுப்பு முடியும்வரை காருக்குள்ளே உறங்கிக் காத்திருந்தார். ஒன்றரை ஆண்டு இவ்வாறு நடந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி வெள்ளிக்கிழமை, கொரோனாத் தொற்றின் காரணமாகப் பந்தயம் நிறுத்தப்பட்டதாக அறிவித்தனர். ஞாயிற்றுக்கிழமை தொடங்கவேண்டிய பந்தயம் அது. நண்பர் கேப்ரவுணில் இறங்கி, விடுதியறையிலே வண்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டிய கையோடு மீண்டும் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அன்றிரவு அவர் எனக்குத் தொலைபேசியிற் சொன்ன வார்த்தைகள் இவை: “மச்சான், காசு போனது கணக்கிலை கிடக்குது. மனிசியின்ரை சனிக்கிழமையள் போனது எந்தக் கணக்கிலை கிடக்குது?”

நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

வண்டி ஓராண்டு கராஜிலேயே கிடந்தது. இரப்பர்ப்பால் ரயரினுள்ளேயே காய்ந்து போயிற்று. 2021ஆம் ஆண்டு, மீண்டும் போகுமாறு அவரைத் தூண்டியவர் அவர் மனைவியாரே. “பாதியிலை விட்ட வேலையோடை இவர் வீட்டுக்குள்ளை இருக்கிறது எனக்குப் பெரிய கரைச்சல், அண்ணா” என்று என்னிடம் கூறினார். ஆனால் நிபந்தனை விதித்தார். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி தந்தையின் பொறுப்பு. பயிற்சி விடியற்காலை நான்கரை மணிக்குத் தொடங்கி, பிள்ளைகள் எழுமுன் முடிதல் வேண்டும். ஞாயிறு மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்கப்படும். நேரம் குறைந்தமையால் வீண் ஓட்டம் ஒழிந்தது. குறுகிய நேரத்திற் கடுமையாக மிதிக்கும் பயிற்சிகள் அதன் இடத்தைப் பெற்றன. முன்னைய பயிற்சியினும் இதுவே தமக்கு அதிகம் பயன்பட்டது என்கிறார் நண்பர்.

இப்பந்தயத்தின் சிறப்பான விதியொன்றை இனிக் கூறவேண்டும. இதிலே தனித்து ஓட முடியாது. இருவர் ஒரு குழு. பாதை முழுவதிலும் இருவருக்குமிடையே இரண்டு நிமிட இடைவெளிக்கு மேல் இருத்தலாகாது. இருந்தால் நேரத் தண்டனை உண்டு. ஒருவர் விலகினால் மற்றவர் தொடர்ந்து ஓடலாமேயன்றிக் குழுவுக்குரிய இடத்தைப் பெறமாட்டார். நண்பரின் துணைவர் அவருடன் வேலை செய்யும் ஓர் ஆங்கிலேயர். இறக்கத்தில் வல்லவர், ஏற்றத்தில் மெலியவர். ஆகவே, ஏற்றங்களில் முகஞ் சுளியாமற் காத்திருக்கப் பழகுவதும் நண்பரது ஆயத்தத்தில் ஒரு பாடமாயிற்று. வகுப்பிலே பின்தங்கிய மாணவனை விட்டுவிட்டுப் பாடத்தை முடிப்பது எளிது. அவனையும் கூட்டிக்கொண்டு முடிப்பதே ஆசிரியத் தொழில். இதனைக் கலாசாலையிற் கற்று இருபதாண்டுகளாகச் செய்து வரும் எனக்கு அந்த விதியின் அருமை உடனே விளங்கிற்று.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருவரும் ஓடினர். ஐந்தாம் நாள் துணைவருக்கு வயிற்றோட்டம் கண்டது. ஏற்றமெல்லாம் நண்பர் ஒரு கையால் வண்டியைப் பிடித்து, மறு கையைத் துணைவரின் முதுகில் வைத்துத் தள்ளிச் சென்றார். குழுவினர் ஒருவருக்கொருவர் உதவுதற்கு விதியில் இடமுண்டு. அன்றைய கால எல்லை முடிவதற்குச் சற்று முன்னரே கட்டத்தை முடித்தனர். எட்டாம் நாளும் முடித்தனர். எத்தனையாம் இடம் என்று கேட்டேன். “கடைசிக்குக் கிட்ட” என்று சிரித்தார். அவருக்குக் கிடைத்த பதக்கம் அவர் மனைவியாரின் அலுமாரியில் இருக்கிறது. அதனை அங்கே வைத்தவர் நண்பரே.

ஒன்பதாயிரம் பவுண் இதற்குத் தகுமா என்று கேட்பார் இருப்பர். அதனை உழைத்தவரும் அவர் வீட்டாருமே அதற்கு விடை கூற உரியவர். நான் கண்டது இவ்வளவே: எட்டு நாளும் ஓடியவர் ஒருவர், அதன் விலையைக் கொடுத்தோர் பலர். யார் யார் கொடுக்கிறார்கள் என்பதை முன்னரே கேட்டறிந்து, அவர்கள் இசைவோடு செய்யப்பட்ட இரண்டாம் ஆயத்தமே நிறைவேறியது.

இம்மலரைப் படிக்கும் இளம் மாணவர் சிலருக்கேனும் இவ்விளையாட்டில் விருப்பம் எழலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். விலையுயர்ந்த வண்டியைத் தேடி அலைய வேண்டா. வீட்டில் உள்ள வண்டியில், நாள் தவறாமல் ஓராண்டு அதிகாலையில் ஓடிப் பாருங்கள். சில்லுக்கு ஒட்டுப் போடவும் சங்கிலியைக் கழற்றிப் பூட்டவும் உங்கள் கையாலேயே பழகுங்கள். உங்களோடு ஓட ஒருவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் உங்களிலும் மெதுவாக ஓடுபவனாயின் நன்று. பெரிய பந்தயத்தை எண்ணும் நாள் வரும்போது, வண்டிக் கடைக்குப் போகுமுன் வீட்டாரோடு அமர்ந்து பேசுங்கள்.

நம் கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.