தொட்டதும் கையோடு வந்தது

"நான் ஒண்ணும் பண்ணலீங்க சார். தொட்டேன், கையோட வந்துருச்சு."

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெக்கானிக் தம்பி, உடைந்த பிளாஸ்டிக் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் இப்படிச் சொன்னார். ஏர் ஃபில்டர் மாற்றக் கொடுத்திருந்தேன். அந்தப் பெட்டியின் மூடியைப் பிடித்திருக்கும் கொக்கி போய்விட்டது. நான் நம்பவில்லை. தொட்டால் உடைய அது என்ன அப்பளமா என்று கேட்டேன். பில்லில் முந்நூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. துண்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் திட்டில் வைத்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மாதிரித் துண்டு என் உள்ளங்கைக்கு வந்தது.

கூலன்ட் மாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும் நீர் ஆவியாக முகத்துக்கு வரும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அந்தப் பயம் இல்லை. கீழ் ஹோஸைக் கழற்றிப் பழைய கூலன்டைப் பேசினில் பிடித்தேன். பச்சையாக ஊற்றியது பாசிக்குட்டை நிறத்தில் வந்தது. தெருநாய் ஒன்று வாசம் பிடித்து வந்தது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய்க்கும் பூனைக்கும் கொஞ்சம் நக்கினாலே எமன். பேசினைத் தூக்கி மேலே வைத்து, சிந்தியதைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இன்ஜினுக்குப் பின்பக்கம், ஹீட்டருக்குப் போகும் ஹோஸில், கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்பு 'டி' இருக்கிறது. மூன்று ஹோஸ்கள் வந்து சேரும் முச்சந்தி. அதில் ஒரு ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் உப்பியிருந்தது. புது ஹோஸ் வாங்கி வைத்திருந்தேன். பிளையரால் கிளிப்பை அமுக்கிப் பின்னால் நகர்த்திவிட்டு ஹோஸை இழுத்தேன். வரவில்லை. பதினோரு வருஷச் சூட்டில் ரப்பர் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தது. லேசாக முறுக்கினேன். சத்தமே இல்லை. முறுக்கு ஒடிந்தால்கூட ஒரு சத்தம் கேட்கும். கையில் ஹோஸ் இருந்தது, ஹோஸுக்குள் 'டி'யின் ஒரு கை இருந்தது.

முறுக்கியிருக்கக் கூடாது என்பது இப்போது தெரிகிறது. எப்படியும் தூக்கிப் போடப்போகும் ஹோஸ்தானே? பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்திருக்க வேண்டும். அதைக் கீற மனம் வரவில்லை. நம் வீடுகளில் குப்பைக்குப் போகிற பொருளையும் முழுசாகத்தான் போடுவோம்.

உடைந்த வாயைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருந்த பிளாஸ்டிக் உள்ளே சாம்பல் நிறத்தில், ஊட்டி வர்க்கி மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. உதிர்ந்ததில் எவ்வளவு வெளியே விழுந்தது, எவ்வளவு குழாய்க்குள் போனது என்று அடுத்த கவலை. உள்ளே போன துண்டு கூலன்டோடு சுற்றிப் போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாயிலோ தெர்மோஸ்டாட்டிலோ மாட்டிக்கொண்டால் இன்ஜினுக்கே ஆபத்து. கிடைத்த துண்டுகளையெல்லாம் ஒரு செய்தித்தாளில் பரப்பி, கீழடியில் பானை ஓடுகளைச் சேர்ப்பவர்கள் மாதிரி ஒட்டவைத்துப் பார்த்தேன். ஒன்பது துண்டுகள் சேர்ந்தன. மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை பாக்கி. அந்தப் பத்தாவது துண்டைத் தேடி ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் கழற்றிய ஹோஸின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி காபியோடு வந்து, "என்னங்க ஆச்சு?" என்றாள். "தொட்டேன், கையோட வந்துருச்சு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை நான் முன்பே ஒருவர் மேல் செலவழித்திருக்கிறேன்.

இந்த மாதிரிப் பாகங்கள் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்யப்படுபவை. நைலான் 66 என்பது 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் உருவாக்கியது. அம்மாவின் நைலக்ஸ் சேலைக்கு ஒரு வகையில் உறவு. அது உருவாகும் விதம்தான் வேடிக்கை. இரண்டு பொருள்கள் கைகோக்கும்போது ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுத்தான் அந்தச் சங்கிலி நீள்கிறது. பிற்பாடு அதையே கொண்டுபோய்க் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்தால், வெளியே போன தண்ணீர் மெல்லத் திரும்பி உள்ளே நுழைந்து கண்ணி கண்ணியாக அவிழ்க்கிறது. ஓடும் இன்ஜினில் கூலன்டின் சூடு 90 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆபீஸுக்குப் போக ஒன்று, வர ஒன்று, வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் பதினோரு வருஷத்தில் 6,600 தடவை அது சுட்டு ஆறியிருக்கிறது. நான் செய்தது 6,601-ஆவது வேலை.

பெரியப்பாவின் அம்பாசடரில் இந்த ரகசியமெல்லாம் கிடையாது. அதற்கு ஏதாவது ஆகப்போகிறது என்றால் ஒரு வாரம் முன்பே ஊருக்கே தெரியும். ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். கசிந்தால் பச்சைக் களிம்பு பூக்கும், சொட்டும், முனகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாரில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஈரத்துணி போட்டு ஆறவைப்பார்கள். முன்னும் பின்னும் நாலு வண்டி அதே கோலத்தில் நிற்கும். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் போனால்தான் அதிசயம். நாங்கள் பிள்ளைகள் பலாச்சுளை தின்றுகொண்டு அந்த ஆவியை வேடிக்கை பார்ப்போம். பித்தளை அழுது காட்டும். இந்தக் கறுப்பு 'டி' பதினோரு வருஷம் வாயே திறக்கவில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 'டி' தனியாக வராதாம். "ஹோஸோட அசெம்பிளியாத்தான் வருமுங்க. ஆர்டர் போட்டா பத்து நாள் ஆகும்" என்றார்கள். விலையைக் கேட்டதும் நன்றி சொல்லிவிட்டு ஆவாரம்பாளையம் பக்கம் போனேன். கோயம்புத்தூரில் இருப்பதில் உள்ள ஒரே சொகுசு இதுதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்: எது உடைந்தாலும் இரண்டு தெரு தள்ளி ஒரு லேத் ஓடிக்கொண்டிருக்கும்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். செய்தித்தாளைப் பிரித்துப் பத்துத் துண்டுகளையும் பார்த்தார். வெர்னியரால் நல்ல பக்கத்தை அளந்தார். பித்தளை ராடை லேத்தில் மாட்டிக் கடைந்தபோது பொன்னிறச் சுருள்கள் தரையில் உதிர்ந்தன. குழாயின் வாயில் ஒரு சின்ன உதடு விட்டார். ஹோஸ் அந்த உதட்டைத் தாண்டி ஏறும். கிளிப் உதட்டுக்குப் பின்னால் உட்காரும். அழுத்தம் வந்தாலும் ஹோஸ் லேசில் நழுவாது. பக்கக் கையை வைத்து, வெங்காரப் பொடி தூவி, பற்றாசு உருக்கி ஊதினார். ஊதிக்கொண்டே, "நீங்களே கழட்டுனீங்களாக்கும்?" என்றார். பொடி வைத்து ஊதுகிறவர் பொடி வைத்தும் பேசுவார்.

"தொட்டதும் வந்துருச்சுங்க."

"வரும்ங்க" என்றார். என்னை நம்பிவிட்டார், அதுவும் அவ்வளவு சுலபமாக! எனக்கு அந்தத் தம்பியின் ஜன்னல் திட்டு ஞாபகம் வந்தது. அந்தப் பட்டறை இப்போது இல்லை. அங்கே ஒரு பேக்கரி இருக்கிறது. முந்நூறு ரூபாயை யாரிடம் கொடுப்பது?

வீட்டுக்கு வந்து மாட்டியதில் சொல்ல அதிகமில்லை. சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசித்தாலும் ரேடியேட்டருக்கு ஆகாது. பாதிக் கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து மெதுவாக ஊற்றினேன். அடைத்துக்கொண்ட காற்றை வெளியேற்றுவதுதான் கொஞ்சம் கஷ்டம். கிணற்று மோட்டாரில் காற்றுப் பிடித்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும். தண்ணீர் சுற்றாது, இன்ஜின் தனியாகக் கொதிக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, ஹீட்டர் திருகைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டேன். வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியில் ஹீட்டர் போட்டதே இல்லை. பங்குனி வெயிலில், கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தில் அனல் அடிக்க உட்கார்ந்திருந்த என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

ஒரு வாரம் கழித்துப் பர்லியார் வரை ஓட்டிப் போய் நிறுத்தினேன். பானெட்டைத் தூக்கியதும் டீக்கடைப் பையன், "தண்ணி வேணுங்களா?" என்று குடத்தைப் பார்த்தான். "வேண்டாம்பா, சும்மாதான்" என்றேன். பித்தளை 'டி' ஒரு சொட்டு கசியாமல் கறுப்பு ஹோஸ்களுக்கு நடுவில் மூக்குத்தி மாதிரி மின்னியது.

அதற்கு ஒரு சாண் தள்ளி, அதே வயதில், அதே கறுப்பில் இன்னொரு 'டி' இருக்கிறது. பட்டறைக்காரர் அன்றைக்கே, "அதுக்கும் ஒண்ணு கடைஞ்சு தர்றேன், வச்சுக்குங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டார்ச் அடித்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்று அந்தக் கறுப்பைப் பார்க்கிறேன். பித்தளை 'டி' டேஷ்போர்டுப் பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றியபடி இருக்கிறது. வளைவில் திரும்பினால் உருள்கிறது.